வட்டிக்கு லீவு இல்லை

பன்னிரண்டாம் திகதி ஆகியும் பில் வரவில்லை.

தங்கையா ஜிந்துப்பிட்டி ஒழுங்கை முனையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். தபால்காரர் ஹுசைனின் சைக்கிள் வளைவில் தலை காட்டியதுதான் தாமதம், பாதி வழி ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்காவது இருக்கா நானா?"

"இருந்தா தாரதானே. நாலு நாளா இதே கேள்வி. என்ன, காதல் கடிதமா?"

"இல்ல நானா, பேங்க் பில்லு."

ஹுசைன் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா தபால் குடுக்கிறன். பில் வந்திட்டெண்டு அழுத மனிசரைக் கண்டீக்கிறன். வரல்லயெண்டு அழுற மனிசனை இப்பதான் காணுறன்."

சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன தெரியும்? தங்கையா கொழும்பில்தான் இருக்கிறான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பில்தான்.

அவனுடைய அடையாள அட்டையில் இருந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் விலாசம். வேலை புறக்கோட்டையில், பௌஸி முதலாளியின் வெங்காயக் கடையில், மூட்டை தூக்குவது. மனைவி ராக்கம்மாவோடு குடியிருப்பது ஜிந்துப்பிட்டியில் ஓர் ஒற்றை அறையில். தெருவுக்குத் தெரு மணல் மூட்டை அடுக்கி, சென்றி என்று பொலிஸ் காவல் போட்டிருந்த சண்டைக் காலம் அது. தோட்டத்துக்காரனுக்கு இங்கே என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறாய், காட்டு பேப்பரை என்றால், காட்ட ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. குடியிருப்பதைப் பொலிசில் பதிந்து தரும்படி வீட்டுக்காரி பாலேஸ்வரியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"பதிவோ? வீடு கனடாவில இருக்கிற என்ட மச்சான்ர பேரில. வாடகைக்கு விட்டது அவருக்கே தெரியாது. பொலிசுக்குச் சொல்லச் சொல்லுறீரே?"

"தண்ணி பில்லுல ஒரு கொப்பியாவது குடுங்கம்மா."

"பில் கேட்டால் தண்ணியை நிப்பாட்டிப் போடுவன், கண்டீரோ."

அதற்குமேல் யார் கேட்பார்கள்?

கடனட்டை கைக்கு வந்தது ஒரு தற்செயல். போன வருஷம் ஒரு மாதக் கடைசி நாளில், டை கட்டிய சிவபாலன் என்கிற வங்கிப் பொடியன் பௌஸி முதலாளியிடம் கார்ட் விற்க வந்து, நன்றாகப் பேச்சு வாங்கி, வெங்காய மூட்டைமேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும் அண்ணை. இல்லாட்டி என்ட வேலை போயிடும்" என்று கண் கலங்கினான். தங்கையாவுக்கு மனசு தாங்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். ஆள் எழும்பிப் போனால் போதும் என்று முதலாளியும் சம்பளக் கடிதத்தில் 'ஸ்டோர் சுப்பர்வைசர்' என்று எழுதிக் கொடுத்தார். முப்பதாயிரம் ரூபாய் வரை கடன் சொல்லலாம் என்று ஒரு பளபளத்த அட்டை வந்தது. இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு ராக்கம்மாவுக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கினான். முதலாளி வாங்கித் தந்தார், கூலியில் பிடித்துக்கொள்வார் என்று அவளிடம் ஒரு பொய். கடன் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

முதல் பில் வந்த அன்று மாலை சென்றியில் மாட்டிக்கொண்டான். சார்ஜன் குணதாச பேப்பர் கேட்டார். வேறு ஒன்றும் இல்லாமல் சட்டைப் பையில் இருந்த வங்கி உறையை நீட்டினான். குணதாச தாளை விரித்து, மேலிருந்து கீழே உதடு அசைய வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, மடித்துக் கையில் கொடுத்தார்.

"ஹரி. யன்ன."

போகச் சொல்லிவிட்டார்! அன்றிலிருந்து மாதா மாதம் அதே சடங்கு. பத்தாம் திகதிபோல் பில் வரும். குணதாச கேட்பார், வாசிப்பார், பெருமூச்சு விடுவார், விட்டுவிடுவார். தங்கையா, ஜிந்துப்பிட்டி என்று வங்கிக்காரனே அச்சடித்து அனுப்பிய விலாசம். அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன?

ஆகவே கடனைத் தீர்க்கும் எண்ணம் தங்கையாவுக்கு வந்ததே இல்லை. சிவபாலன் ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தான்.

"பில்லில ரெண்டு தொகை இருக்கும் அண்ணை. பெரிசு முழுக் கடன். சின்னது, ஆகக் குறைஞ்சது கட்ட வேண்டிய காசு. நூற்றுக்கு அஞ்சு. அதைக் கட்டினால் காணும், பேங்க் உங்களைக் கரைச்சல் படுத்தாது."

"கடன் தீந்திடுமா?"

"அந்தக் காசில பாதிக்கு மேல வட்டியே திண்டிடும். மிச்சம்தான் கடனில குறையும். கடன் குறையக் குறைய கட்டுற காசும் குறையும். அதால தீர வருஷக்கணக்காகும்."

தங்கையாவுக்கு உடனே பிடிபட்டது. ஒரு பக்கம் அவன் மூட்டை இறக்க, மறு பக்கம் இன்னொருவன் ஏற்றிக்கொண்டே நிற்கிற லொறி. சண்டை முடியும்வரை இந்த லொறி காலியாகாமல் இருந்தால் போதும் முருகா என்று வேண்டிக்கொண்டான். முருகனும் குறை வைக்கவில்லை. மாதம் தவறாமல் ஆயிரத்து நானூறு, முந்நூறு, இருநூறு என்று கட்டியும், வருஷக் கட்டணம் அது இது என்று ஏறி, பதினொரு மாதத்தில் கடன் இருபத்துநாலாயிரத்து முந்நூறுக்குத்தான் இறங்கியிருந்தது.

இப்போது திடீரென்று பில்லைக் காணோம். போன கிழமைதான் பக்கத்து ஒழுங்கை ராமையாவைச் சரியான பேப்பர் இல்லையென்று பொலிஸ் லொறியில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். வரும்போது அவன் வேலையில் வேறு ஆள் நின்றான். பௌஸி முதலாளி நல்லவர்தான். ஆனால் வெங்காயம் மூன்று நாள் காத்திராது.

தங்கையா மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனை வங்கிக்கு ஓடினான்.

"அண்ணை!" சிவபாலன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். "உங்களைத்தான் தேட இருந்தனான். நல்ல செய்தி. வருஷப் பிறப்புக்காக ஒழுங்காக் கட்டுற ஆக்களுக்கு ரெண்டு மாசம் லீவு. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. உங்கட பேரை நான்தான் குடுத்தனான்."

"பில்லு?"

"கட்ட ஒண்டும் இல்லாத மாசம் பில் என்னத்துக்கு? மூண்டாம் மாசம் எல்லாம் சேர்த்து வரும்."

 தங்கையா முன்னால் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"வட்டியும் லீவா தம்பி?"

"வட்டிக்கு லீவு இல்லை அண்ணை. அது தன்ட பாட்டில ஏறும். ரெண்டு மாச வட்டியும் முதலோட சேரும், பிறகு அதுக்கும் வட்டி. லீவு முடியக் கட்டுற காசும் கொஞ்சம் கூடும்."

"அப்ப ஏத்துறவன் ஏத்திக்கிட்டே இருப்பான். எறக்குறவனுக்கு மட்டும் லீவு."

"என்ன அண்ணை?"

"நான் லீவு கேட்டேனா? பதினாறு வருஷமா மூட்ட தூக்குறேன், முதலாளிகிட்டயே ஒரு நாள் லீவு கேட்டதில்ல. எனக்கு லீவு வேணாம். பில்லு வேணும்."

சிவபாலன் முழித்தான். அவனோடு பேசிப் பயனில்லை என்று தங்கையா கவுண்டருக்குப் போய், பையில் இருந்த ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபாயை அருந்ததி என்ற பெண்ணின் முன்னால் வைத்தான்.

"உங்களுக்கு இந்த மாசம் ஒண்டும் கட்ட இல்லையே," என்றாள் அவள் கணினியைப் பார்த்து.

"பரவாயில்லம்மா, வச்சுக்கங்க."

"கட்டாயம் இல்லை எண்டு போட்டிருக்கு."

"கட்டாயப்படுத்தி வாங்கிக்கங்கம்மா. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் காசை வாங்கி, ஒரு சின்னத் துண்டில் முத்திரை குத்திக் கொடுத்தாள். உள்ளங்கை அளவுத் துண்டு. அன்று மாலை அதைத்தான் குணதாசவிடம் நீட்டினான்.

"மே மொகக்த?" இது என்னவென்று குணதாச துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருஷம் கொட்டாஞ்சேனையில் கழித்தவர், தமிழ் ஓரளவு வரும். "இது சின்னத் துண்டு. முழுப் பேப்பர் எங்க?"

"வரல்ல சேர். பேங்குல ரெண்டு மாசம் லீவு குடுத்திட்டாங்க."

"லீவா?" சார்ஜனின் முகம் சிவந்தது. "உனக்கா? யாரைப் பிடிச்சு எடுத்த?"

"யாரையும் புடிக்கல்ல சேர். கேக்காமலே குடுத்தாங்க."

"கேக்காமலே?"

குணதாச பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற லொறியைப் பார்த்தார். தங்கையாவும் லொறியைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை முழுப் பேப்பர் கொண்டு வா," என்றார் குணதாச.

அன்று புதன். தங்கையா ராத்திரி முழுக்கப் பாயில் புரண்டான். விடிந்ததும் விடியாததுமாக தேத்தண்ணீர்க் கடை போனில் சிவபாலனைப் பிடித்தான்.

"ஒரு வழி இருக்கு அண்ணை," என்றான் சிவபாலன் கொட்டாவியோடு. "உங்கட முப்பதாயிரத்தைத் தாண்டினால் லீவோ என்னவோ, எச்சரிக்கைக் கடிதம் அடிச்சே ஆகவேணும். விலாசம், பாக்கி எல்லாம் அதில இருக்கும். தாண்டினீங்களெண்டால் வெள்ளிக்கிழமை நானே கையில கொண்டு வந்து தாறன்."

கடனில் விழுவதற்கு இவ்வளவு அவசரப்பட்ட மனிதன் அன்று கொழும்பில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். அரை நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, காலி வீதியில் இரண்டு இடத்தில் இறங்கிச் சோதனைக்கு நின்று ஏறி, வெள்ளவத்தையில் ஒரு மின்சாரச் சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். கார்ட் எடுக்கிற கடை அதுதான் என்று சிவபாலன் சொல்லியிருந்தான்.

முதலில் ஒரு காற்றாடி. நாலாயிரத்து இருநூறு. கார்ட் மெஷின் முனகி, துண்டைத் துப்பியது. இன்னும் தாண்டவில்லை. ஒரு அயன் பெட்டி, ஆயிரத்து எண்ணூறு. அதற்கும் துப்பியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இன்னும் தொள்ளாயிரம் சொச்சம். "அந்தத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலையும் போடுங்க" என்றான். ஆயிரத்து இருநூற்றைம்பது.

இந்த முறை மெஷின் கீச்சென்று கத்தியது.

"காசு பத்தாது அண்ணை," என்றார் கடைக்காரர், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "லிமிட் தாண்டுது."

"தாண்டத்தானுங்க வேணும்! இன்னொருக்கா இழுத்துப் பாருங்க."

இழுத்தார். கத்தியது. துணியால் துடைத்து இழுத்தார். இன்னும் பலமாகக் கத்தியது. தங்கையா கடைப் போனிலேயே சிவபாலனைக் கூப்பிட்டான்.

"ஐயோ அண்ணை, கடையில தாண்ட விடாது. வட்டி ஏறித்தான் தாண்டும்."

"வட்டி எப்ப ஏறும்?"

"மாசக் கடைசியில."

விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். தள்ளிவிட மாட்டார்களாம். தங்கையா காற்றாடிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். வெங்காய மூட்டையில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் தோள் அன்றைக்கு வலித்த மாதிரி என்றைக்கும் வலிக்கவில்லை.

ராக்கம்மா சட்டை தைப்பதை நிறுத்தினாள்.

"இது என்னா?"

"காத்தாடி."

"தெரியுது. நம்ம அறையில கைய நீட்டினா ரெண்டு செவரும் தட்டுது. இது எங்க நிக்கும், ஒங்க தலையிலயா? அது என்னா?"

"அயன் பொட்டி."

"இருக்கிறது ரெண்டு சாரம். மடிப்பு கலையாம போயி யாருக்குக் காட்டப் போறீங்க, வெங்காயத்துக்கா?"

தங்கையா சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"ஏது காசு? என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவளைப் பார்த்து அவனுக்குப் பொய் சொல்ல வராது. மெஷின் வாங்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னதால்தான் அது எடுபட்டது. கார்ட், பில், சென்றி, லீவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அப்ப இது கடன் மெஷினா?" அவள் கதிரையிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள், அது சுட்ட மாதிரி. "பதினோரு மாசமா கடன் மேல ஒக்காந்தா தச்சிக்கிட்டு இருந்தேன்?"

"கடன் இல்ல ராக்கு, அது சாட்சி. கடன் இருக்கிற வரைக்கும்தான் பில்லு. பில்லு இருக்கிற வரைக்கும்தான் நாம இங்க."

"மாசாமாசம் பொலிஸ்காரருக்கு நான் கடன்காரன், நான் கடன்காரன்னு காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. இதுக்குப் பேரு சாட்சியா? மானக்கேடு."

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. காலையிலும் பேசவில்லை. தேத்தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால் தங்கையாவுக்குப் பயம் கிடையாது. பேசாமல் இருந்தால்தான்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. சிவப்பு வெங்காயத்தைக் கொண்டுபோய்ப் பெரிய வெங்காயத்தோடு அடுக்கினான். பௌஸி முதலாளி இரண்டு தரம் கத்தினார். "என்ன தங்கையா, சீமெந்தும் வெங்காயமும் ஒண்டெண்டு சொல்லுவியா இனி?"

நாலரை மணிக்கு ராக்கம்மா கடை வாசலில் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இந்தாங்க."

அவள் கையில் இரண்டு பளபளத்த துண்டுகள். ஒன்றில் இங்கிலீஷில் அவன் பெயரின் முதல் பாதி, மற்றதில் மீதி. தங்கையா இரண்டையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தான். அவனுடைய கார்ட்தான்.

"தச்ச காசுல பாலேஸ்வரியம்மாகிட்ட கட்டிக்கிட்டு வந்த சீட்டு நேத்து எனக்குத்தான் விழுந்திச்சு. முழுசா முப்பதாயிரம். காலையில ஒங்க சட்டையில இருந்து கார்ட எடுத்துக்கிட்டு நேரா பேங்குக்குப் போனேன். முதல், வட்டி, அது இதுன்னு எல்லாம் சேத்து இருபத்தொம்பதாயிரத்து எண்ணூத்திச் சொச்சம். கட்டி முடிச்சிட்டேன். அந்தச் சிவபாலன் தம்பி கணக்க மூடுறதுக்கு ஒங்க கையெழுத்து வேணும்னிச்சு. நானே போட்டேன். ஒங்கள விட அழகா வந்திச்சு."

"ராக்கு... சீட்டுக் காசு முழுக்கவா?"

"மிச்சம் பஸ்ஸுக்கு சரியா இருந்திச்சு. அருந்ததி மிஸ்ஸு கத்திரிக்கோலால கார்ட வெட்டி, கடிதமும் குடுத்திச்சு. கடன் இல்லன்னு. அதக் கொண்டுபோயி ஒங்க சார்ஜனுக்குக் காட்டுங்க, தல நிமிந்து."

தங்கையா கடிதத்தைப் பறித்துப் பார்த்தான். தலைப்பில் 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று இருந்தது. ஜிந்துப்பிட்டி இல்லை, ஒழுங்கை இல்லை, இலக்கம் இல்லை. இன்னார் எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான். பதினொரு மாதம் காலியாகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து வைத்திருந்த லொறியை அவள் ஒரே நாளில் குப்புறக் கவிழ்த்திருந்தாள்.

ஜிந்துப்பிட்டிக்குப் போக அந்தச் சென்றியைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் நடந்தார்கள். ராக்கம்மா முன்னால், தங்கையா நாலடி பின்னால். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் அந்த லொறி எஞ்சின் ஓட நின்றது. உள்ளே பலகையில் ஏற்கெனவே மூன்று பேர். அவர்கள் அவனைப் பார்த்த பார்வை, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிற பார்வையாக இருந்தது.

"கோ, எங்க முழுப் பேப்பர்?" குணதாச கையை நீட்டினார்.

தங்கையா கடிதத்தைக் கொடுத்தான்.  சார்ஜன் உதடு அசைய வாசித்தார். பாதியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"முழுக்கக் கட்டியா?"

"முழுக்க சேர்," ராக்கம்மா முன்னால் வந்து சொன்னாள். "ஒரு சதம் பாக்கி இல்ல. நாங்க யாருக்கும் கடன்காரங்க இல்ல."

குணதாசவின் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை மாதத்தில் தங்கையா பார்க்காத முகம். அவன் முழங்கையைப் பிடித்து மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயோ!" என்று கத்தினாள் ராக்கம்மா. "கடன் கட்டுனதுக்கா புடிக்கிறீங்க? என்னா நியாயம் இது? கட்டுனது நான், என்னையப் புடிங்க!"

மூட்டைக்குப் பின்னால் குணதாச சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் மடித்துச் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து விரித்தார். பிடிக்க வேண்டியவர்களின் பட்டியல்தான், தன் பெயர் அதில் இருக்கும் என்று தங்கையா கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சேர், அதுல அட்ரஸ் இல்லதான். ஆனா நான் இங்கதான் சேர் இருக்கேன். முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க. மூணு நாள் உள்ள வச்சீங்கன்னா என் வேலை போயிடும் சேர்..."

குணதாச தாளை அவன் கையில் வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அட்ரஸ் யாரு தம்பி பாத்தது, இது என்ட பில், எனக்கும் இதே பேங்க்தான், மாசாமாசம் உன் கடன் என் கடனை விடக் கூட இருக்கு எண்டு பாத்திட்டுப் போனாத்தான் எனக்கு நித்திரை வாறது, இனி நான் யாருட பில்லைப் பாக்கிறது?"